ஹெப்சிபா எழுதிய நாற்பத்தேழு பக்கங்கள்

ஏலகிரி மலையில் தையல்நாயகி என்று ஒருவர் இருந்தார். முன்பு கல்லூரியில் கணிதம் நடத்தியவர். நாற்பத்து மூன்று வயது. மூன்று அறைகள் கொண்ட ஓட்டு வீட்டில் வாழ்ந்தார். தியானம் கற்றுக்கொள்ளச் சிலர் அவரிடம் வந்து போனார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். யாராவது கேள்வி கேட்டால் பெரும்பாலும் பதிலுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்.

வந்து போனவர்களில் சபாபதியும் ஒருவர். ஆசிரியரைவிட எட்டு வயது மூத்தவர். சென்னை கிண்டியில் பெரிய வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் பார்ட்னர். கோர்ட்டுக்குப் போகாத வக்கீல். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போதும் விற்கும்போதும் ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். அவருக்குக் கீழே முப்பத்தாறு ஜூனியர்கள் இருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் வந்து உட்கார்ந்தபோது முகம் சரியாக இல்லை.

"என்ன ஆச்சு?" என்றார் தையல்நாயகி.

"ஒரு கேள்விம்மா. எல்லாம் கொடுத்தும் ஏன் ஒருத்தர் வேலையை விட்டுப் போறாங்க?"

"யார் போறாங்க?"

சபாபதி ஹெப்சிபாவைப் பற்றிச் சொன்னார். பாளையங்கோட்டைப் பெண். முப்பத்தொரு வயது. சட்டம் படித்து முடித்ததும் நேராக அவரிடம்தான் வேலைக்கு வந்தாள். ஏழு வருஷம் ஆகிறது. முப்பத்தாறு பேரில் அவளைப் போல எழுத ஆளில்லை. புதன்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாள். இரண்டு மாதத்தில் கிளம்பிவிடுவாள். இந்த வருஷத்தில் போகிற நான்காவது ஆள் அவள்.

"சம்பளம் போதலையா?"

"கூட்டித் தர்றேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டா. ஒரு மாசம் லீவு எடுத்துக்கோன்னேன். அதுவும் வேண்டாம்னுட்டா. எங்க சீனியர் பார்ட்னர், பதவியை உயர்த்திப் பாருங்கன்னார். அதையும் சொல்லிப் பார்த்தேன்."

"ஏன் போறேன்னு அவங்களையே கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

சபாபதி கொஞ்சம் தயங்கினார். "ஏழு வருஷமா எழுதறேன் சார், நான் எழுதினதை யாராவது ஒருத்தர் படிச்சாங்களான்னு தெரியலைன்னா. எனக்குப் புரியலைம்மா. அத்தனை பெரிய வியாபாரமும் அந்தக் காகிதத்து மேலதான் நடக்குது. படிக்காமலா நடக்கும்?"

"நீங்க படிச்சீங்களா?"

"எல்லாமே என் பார்வைக்கு வந்துட்டுத்தான் போகும்."

"அதைக் கேக்கல."

வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். சபாபதி அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"முழுசாப் படிக்க நேரம் எங்கேம்மா? எந்த இடத்துல பிரச்சினை வரும்னு எனக்குத் தெரியும். இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. அந்த இடங்களை மட்டும் பார்ப்பேன்."

"உங்களுக்கு அந்த வேலை பிடிக்குமா?"

"பழகிடுச்சு."

தையல்நாயகி தலையசைத்தார். பிறகு சொன்னார். "அந்தப் பொண்ணு எழுதினதுல ஒண்ணை எடுத்துக்குங்க. முதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் கையால எழுதுங்க."

"ஒப்பந்தத்தையா?"

"ஆமா."

"அதெல்லாம் கட்சிக்காரங்க ரகசியம்மா. உங்ககிட்டகூடக் காட்ட முடியாது."

"எனக்கு எதுக்கு? காட்ட வேண்டாம்."

"எழுதினா என்ன தெரியும்?"

தையல்நாயகி எழுந்து உலை கொதிக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

சபாபதி வீட்டுக்கு வந்து கணினியில் தேடினார். ஹெப்சிபா பெயரில் முதலில் அகப்பட்டது ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியை விற்றபோது எழுதிய ஒப்பந்தம். இரண்டு வருஷத்துக்கு முந்தையது. விற்றவர் தரப்புக்காக இவர்கள் எழுதியது. நாற்பத்தேழு பக்கம். அதை அச்செடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். கையெழுத்துப் போடுவதைத் தவிர அவர் பேனாவைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. மூன்றாம் பக்கத்திலேயே விரல்கள் வலித்தன.

காபி கொண்டுவந்த அவர் மனைவி சுகந்தி எட்டிப் பார்த்தாள்.

"என்ன, இம்போசிஷனா?"

"அப்படித்தான் வெச்சுக்கோ."

"என்ன தப்புப் பண்ணினீங்க?"

"அது தெரியல. அதுக்குத்தான் எழுதறேன்."

பக்கத்தில் போன் இருந்தது. அது அடித்தபோதெல்லாம் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டே எழுதினார். அடுத்த சனிக்கிழமைக்குள் இருபது பக்கம் முடிந்துவிட்டது. வேகமாகப் போகிறது என்று அவருக்கே திருப்தி. ஆசிரியரிடம் போய்ச் சொன்னார்.

"இருபது பக்கம் ஆச்சும்மா."

"சரி. பதினோராம் பக்கத்துல என்ன எழுதியிருந்தாங்க?"

சபாபதி கண்ணை மூடி யோசித்தார். "ரகசியம்மா" என்றார்.

தையல்நாயகி வாய்விட்டுச் சிரித்தார். "எனக்குச் சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரியுதா?"

தெரியவில்லை. பத்தாம் பக்கமும் தெரியவில்லை. பன்னிரண்டும் தெரியவில்லை.

"கை மட்டும் எழுதியிருக்கு" என்றார் சபாபதி மெதுவாக. "மறுபடி முதல்லேர்ந்து எழுதட்டுமா?"

"உங்க இஷ்டம்."

இந்த முறை போனைப் படுக்கையறையில் சுகந்தியிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு வாக்கியத்தைப் படிப்பார். புரிந்ததா என்று பார்ப்பார். பிறகு எழுதுவார்.

நான்காம் நாள் ஒன்றைக் கவனித்தார். அவர்கள் அலுவலகத்து ஒப்பந்தங்களில் பொதுவாக ஆள் தென்படமாட்டார். 'அறிவிப்பு வழங்கப்பட வேண்டும்' என்று இருக்கும். யார் வழங்க வேண்டும் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஹெப்சிபாவின் வாக்கியங்களில் ஆள்தான் முதலில் வந்தார். விற்பவர் இதைச் செய்வார். வாங்குபவர் அதைச் செய்வார். மேலாளர் சாவிகளை ஒப்படைப்பார். ஒவ்வொருவராக எழுந்து வந்து தன் வேலையைச் செய்துவிட்டுத் திரும்பிப் போய் உட்காருவது போல இருந்தது.

ஒரே ஓர் இடம் அப்படி இல்லை. ஏழு வரி நீளத்துக்கு ஒரு வாக்கியம். மூன்று முறை படித்தும் பிடிபடவில்லை. இதை ஏன் இப்படி எழுதினாள் என்று எரிச்சல்கூட வந்தது. பிறகு நினைவு வந்தது. அதை எழுதியவர் அவரேதான். கடைசி நேரத்தில் சேர்க்கச் சொல்லி அனுப்பியது. அதற்கு அடுத்தாற்போல ஹெப்சிபா ஒரு சின்ன வாக்கியம் சேர்த்திருந்தாள். ஏழு வரி சொல்ல வந்ததை அது அரை வரியில் சொல்லியிருந்தது. இதைப் பற்றி அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஏழாம் நாள் முப்பத்தொன்றாம் பக்கத்துக்கு வந்தார். தொழிலாளர்கள் பற்றிய பகுதி. ஃபேக்டரி கைமாறும்போது யார் யார் வேலையில் தொடர்வார்கள் என்று சொல்லும் இடம். கம்பெனிச் சம்பளப் பட்டியலில் உள்ளவர்கள் என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பது வழக்கம். இங்கே முற்றுப்புள்ளிக்குப் பிறகு இன்னொரு வாக்கியம் இருந்தது.

கேன்டீனில் சமைக்கும், பரிமாறும் பதினோரு பேரும், அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் யாராக இருந்தாலும், இதில் அடங்குவர்.

பேனா நின்றது.

அவர் அந்த வாக்கியத்தைப் பார்த்ததே இல்லை.

அன்று அலுவலகத்துக்குப் போனதும் பழைய மெயில்களைத் தேடினார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹெப்சிபா அவருக்கு எழுதியிருந்தாள். நான்கு பாரா. ஆவணங்களைப் பார்க்க ஆம்பூருக்குப் போய் இரண்டு நாள் இருந்தேன். கேன்டீனில் பதினோரு பெண்கள் இருக்கிறார்கள். சிலர் பதினெட்டு வருஷமாக அங்கேயே இருப்பவர்கள். காண்ட்ராக்டர் மூலமாக வேலை செய்வதால் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. விற்பனை முடிகிற அன்றே வேலை போய்விடும். விற்பவரிடம் பேசினேன், சம்மதித்துவிட்டார். வாங்குபவர்களுக்கும் இதனால் சிரமம் இல்லை. ஒரு வாக்கியம் சேர்க்கலாமா சார்?

அதற்குக் கீழே அவருடைய பதில். 'ஓகே.'

மெயில் வந்து நாற்பது வினாடியில் போன பதில் அது.

அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

இன்னும் இரண்டு நாளில் மிச்சமிருந்த பக்கங்களையும் எழுதி முடித்தார். கடைசிப் பக்கத்தில் பதினோரு பெயர்கள் இருந்தன. அவற்றையும் ஒவ்வொன்றாக எழுதினார்.

சனிக்கிழமை மலைக்குப் போனார். ஊர் பேர் எதுவும் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னார். தையல்நாயகி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பதினோரு பேரும் இப்ப எங்கே?"

"தெரியாதும்மா."

"ரொம்ப தூரமா?"

"இல்ல. மலையிறங்கினா ஒரு மணி நேரம்."

தையல்நாயகி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பாட்டு நேரத்துக்குப் போயிடலாமே" என்றார்.

அந்த ஃபேக்டரியை விற்றுக்கொடுத்தவர் சபாபதி. ஆனால் அதன் வாசலை அவர் பார்த்ததில்லை. வழியிலிருந்தே மேலாளர் ஜமீல் அகமதுக்குப் போன் செய்தார். பழைய முதலாளி காலத்திலிருந்து இருக்கிறவர். போனில் மட்டும்தான் பழக்கம்.

"சார்! நீங்களா? ஆம்பூர்லயா?"

"ஆமா பாய். உங்க கேன்டீன்ல இன்னைக்கு ஒரு சாப்பாடு கிடைக்குமா?"

"கேன்டீன்லயா? ஆம்பூர் வரைக்கும் வந்துட்டு கேன்டீன்ல சாப்பிடறேங்கறீங்களே சார். வீட்டுக்கு வாங்க, பிரியாணி போடச் சொல்றேன்."

"இன்னொரு நாள் வர்றேன் பாய். இன்னைக்கு கேன்டீன்."

நீளமான கூடம். நானூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சபாபதி தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். அவருக்குச் சாம்பார் ஊற்றிய அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஜமீல் பாய் அவரைப் பூங்காவனம் என்று கூப்பிட்டார்.

பட்டியலில் முதல் பெயர் அதுதான்.

கூட்டம் குறைந்த பிறகு பூங்காவனம் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்தார். "இன்னா சார், இவ்ளோதான் சாப்பிடுவீங்களா? இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்குங்க."

"போதும்மா. நல்லா இருக்கு. எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"இருவது ஆவப்போவுது."

"கம்பெனி கைமாறினப்ப இருந்தீங்களா?"

"அத ஏன் கேக்கறீங்க." அந்த அம்மாள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "லிஸ்ட்டு ஒட்னாங்க சார். லைன்ல வேல செய்றவங்க பேரு எல்லாம் கீது. எங்க பேரு இல்ல. நாங்க காண்ட்ராக்ட்டு இல்லியா. சரி, பாத்திரத்தக் கழுவிக் கவுத்துட்டுப் போவ வேண்டியதுதான்னு கெடந்தோம். எம்பொண்ணு அப்ப நர்சிங் ரெண்டாவது வருசம். ரெண்டு வாரம் கயிச்சி இன்னொரு லிஸ்ட்டு ஒட்னாங்க. கடசில பதினோரு பேரு. மொதல் பேரு என்னுது."

"எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்களா?"

"கேக்கலியே."

"ஏன்?"

"கேட்டா, அட, இது எப்பிடி இங்க வந்துச்சுன்னு எடுத்துட்டாங்கன்னா?"

சபாபதி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெட்ராஸ்ல யாரோ வக்கீலு எழுதினாராம். பாய்தான் அப்பறமா சொன்னாரு" என்றார் பூங்காவனம். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க மெட்ராஸ்தான? நீங்களா சார் அது?"

"நான் இல்லம்மா" என்றார் சபாபதி. "என் ஆபீஸ்ல ஒரு பொண்ணு. ரெண்டு நாள் இங்க வந்து காகிதம் எல்லாம் பார்த்தா. உங்க கையால சாப்பிட்டிருக்கா."

"கண்ணாடி போட்டுகினு? ஒல்லியா?"

"ஆமா."

"மோரு கேட்டு வாங்கிக் குடிச்சிச்சே! எங்க பேரெல்லாம் ஒண்ணொண்ணாக் கேட்டு எழுதிகினு போச்சு. நான்கூட ரேசன் கார்டுக்கோ இன்னாவோன்னு நெனச்சேன்." அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேரு இன்னா சார் அதுக்கு?"

"ஹெப்சிபா."

"எப்சியா?"

"ஹெப்சிபா."

"வாயில நொயய மாட்டேங்குது. பரவால்ல. ஒரு நாளு சாப்பிட வரச் சொல்லுங்க. இந்த மொற ஒயுங்கா ஆக்கிப் போடறேன்."

சபாபதி வெளியே வந்து காரில் ஏறினார். டிரைவர் திரும்பி, "மெட்ராஸா சார், மலைக்கா?" என்று இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை ஹெப்சிபாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவள் லேப்டாப்பைத் திறந்தபடியே வந்தாள். கிளம்புவதற்குள் எந்தெந்த வேலையை யார் யாரிடம் ஒப்படைப்பது என்று பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்தாள்.

"அதை மூடும்மா. உட்காரு" என்று சொல்லி மேசைமேல் இருந்த காகிதக் கட்டை அவள் பக்கம் தள்ளினார்.

ஹெப்சிபா முதல் தாளைப் பார்த்தாள். இரண்டாம் தாளைப் பார்த்தாள். "சார், இது ஆம்பூர் ஒப்பந்தம்."

"ஆமா."

"யார் கையெழுத்து இது?"

"என்னுதுதான்."

அவள் கட்டின் நடுவில் புரட்டினாள். பிறகு கடைசித் தாளைப் பார்த்தாள். "முழுசுமா சார்?"

"நாப்பத்தேழு பக்கமும். இருபத்தி மூணாம் பக்கத்துல ஒரு கமா வேண்டாத இடத்துல கிடக்கு."

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அந்தக் கேன்டீன் விஷயமா நீ ஒரு மெயில் எழுதினே" என்றார் சபாபதி. "நான் ஓகேன்னு போட்டேன். படிக்காமலே போட்டேன்மா."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"நாலு பாரா எழுதியிருந்தேன் சார். அதை நாப்பது செகண்ட்ல படிக்க முடியாது."

"அப்ப ஏன் மறுபடி வந்து சொல்லல?"

"சொன்னா படிப்பீங்க. படிச்சிட்டு, இதெல்லாம் நமக்கெதுக்குன்னு சொல்லிட்டீங்கன்னா?"

ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ ரயில் ஒன்று சத்தமில்லாமல் போயிற்று. சபாபதி அது போய் முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லியிருப்பேன்" என்றார்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. ஏழு வருஷத்தில் அவர் தன் தப்பை ஒப்புக்கொண்டு அவள் பார்த்ததில்லை.

"போன சனிக்கிழமை அங்க போயிருந்தேன்" என்று சபாபதி சொன்னார். பூங்காவனம் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். மகள் நர்சிங் படித்ததைச் சொன்னார். மோர் கேட்டு வாங்கிக் குடித்ததைச் சொன்னார். ஹெப்சிபா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"பதினோரு பேரும் இருக்காங்களா சார்?"

"பத்து பேர். ஒருத்தங்க போன ஆடியில வயசாகி நின்னுட்டாங்க. அவங்க மருமக வந்துட்டா."

"சாந்தகுமாரி அக்காவா இருக்கும்" என்றாள் ஹெப்சிபா. "அவங்களுக்குத்தான் முட்டி வலி."

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"ஏன்மா போறே?" என்று கேட்டார் சபாபதி. இதே கேள்வியை ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு முன்பும் கேட்டிருந்தார். அன்று அவள் ஒரு வாக்கியம் சொன்னதுமே சம்பளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். இன்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"இந்த வேலை பிடிக்கலைன்னு நினைக்காதீங்க சார். ரொம்பப் பிடிக்கும். ஒரு வாக்கியத்தைத் தூண் மாதிரி சரியா நிறுத்தினா, அது ஒரு ஆளைத் தாங்கும். எனக்கு அது பிடிக்கும். ஆனா எழுதி அனுப்பினதும் அது எங்க போகுதுன்னு தெரியறதில்ல. அடுத்த ஃபைல் வந்துடும். கிணத்துல கல்லைப் போட்டுட்டு, சத்தம் கேக்குதான்னு நிக்கறதுக்குள்ள இன்னொரு கல்லைக் கையில குடுக்கறாங்க. எங்க ஊர்ல சட்டக் கல்லூரியில பாடம் நடத்த ஒரு இடம் இருக்கு. பிள்ளைங்க முகத்தையாவது பார்க்கலாம்னு நினைச்சேன்."

சபாபதி தலையசைத்தார். இருந்துவிடு என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"அந்த அம்மா உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டாங்க. வியாழக்கிழமை போயிட்டு வா."

"வேலை நாள் சார்."

"அதுவும் வேலைதான்."

வியாழக்கிழமை ஹெப்சிபா ஆம்பூருக்குப் போனாள். அங்கே என்ன நடந்தது என்று அவள் யாரிடமும் விவரமாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சபாபதியின் அறைக் கதவைத் தட்டினாள். கையில் நான்கு தாள்கள் இருந்தன. பல வருஷமாக மெயிலில் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவள்.

"கோயம்புத்தூர் மில் விவகாரம் சார். இந்த ரெண்டாவது பாரா எனக்குச் சரியாப் படல. படிச்சுப் பார்க்கறீங்களா?"

சபாபதி படித்தார். அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். படித்து முடித்து, "மில் வீடுகள்ல வாடகைக்கு இருக்கிறவங்க எங்கே போவாங்க? அவங்க இதுல வரலையே" என்றார்.

"அதான் சார் எனக்கும் இடிச்சுது" என்றாள் ஹெப்சிபா. நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்த ஒரு பாராவில் பதினொன்றரை மணி ஆகிவிட்டது. சபாபதிக்கு வந்த ஆறு போன்களை அவர் எடுக்கவில்லை. எழுந்து போகும்போது ஹெப்சிபா கதவருகே நின்றாள்.

"சார், அந்தக் கடிதம் இருக்கட்டும். தேதியை மட்டும் மூணு மாசம் தள்ளி வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாம்மா."

மறுநாள் சனிக்கிழமை. சபாபதி மலைக்குப் போனபோது தையல்நாயகி கிணற்றடியில் பாய்களை அலசிக்கொண்டிருந்தார். சபாபதி சட்டைக் கையை மடித்துவிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகத் தூக்கிக் கொடியில் போட்டார்கள். நடந்ததை எல்லாம் அவர் அப்படியே சொன்னார்.

"அவ இருப்பாளாம்மா?"

"தெரியாது."

"போனா வருத்தமாத்தான் இருக்கும். ஆனா முந்தி மாதிரி இல்ல. முந்தி அவ போறான்னதும் நல்ல ஆள் போறாளேன்னுதான் தோணிச்சு. போறது யாருன்னே எனக்குத் தெரியாம இருந்திருக்கு."

தையல்நாயகி அடுத்த பாயை எடுத்து உதறினார்.

"நேத்து காலையில அந்த ரெண்டரை மணி நேரம் எப்படிப் போச்சுன்னே தெரியலம்மா. வேலைக்குச் சேர்ந்த புதுசுல அப்படி இருந்தது. அப்புறம் இல்ல." சபாபதி பாயின் முனையைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்லக் குறைந்தது. "ஆனா ஒண்ணு யோசிச்சேன். என் கீழ முப்பத்தாறு பேர் இருக்காங்க. ஒருத்திக்கு மட்டும் ஒன்பது நாள் ஆச்சு. மீதி முப்பத்தஞ்சு பேரும் எழுதிக்கிட்டேதான் இருக்காங்க. அதுல பாதிப் பேர் எந்த ஊர்னுகூட எனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருஷம். அத்தனை பேர் எழுதினதையும் ஒரு மனுஷன் படிச்சு முடிக்க முடியுமா? நடக்கிற காரியமாம்மா இது?"

பாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தையல்நாயகி கேட்டார்.

"அடுத்து யாரோடது?"